கன்ட்ரோல் பேட்ஜ்

நவம்பர் 3, திங்கள்

மேலிடத்திலிருந்து பதினோரு பக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைத் திருத்திவிட்டார்களாம். இனிமேல் பேப்பர் ரிஜிஸ்டர் செல்லாது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதி, அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கி, டிசம்பர் 31-க்குள் அனுப்ப வேண்டும்.

மார்ச் 31-ல் எனக்கு ஓய்வு. போகிற போக்கில் இதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டட்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு ரிஜிஸ்டரைத் திறந்தாலும் கரப்பான்பூச்சி ஓடும், என்னுடையதில் ஓடாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

வரும் வழியில் ரேஷன் கடை. பாமாயில் இல்லை, புதன்கிழமை வரச் சொன்னான்.

நவம்பர் 6, வியாழன்

இன்று 2004 முதல் 2009 வரை ஏற்றினேன். எல்லாம் பூஜ்யம். ஒரே எண்ணைத் தட்டித் தட்டி விரல் நுனி மரத்துவிட்டது.

என்னதான் அப்படித் தட்டுகிறீர்கள் என்று உலகம்மாள் கேட்டாள். கட்டிக்கொண்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது, என் வேலை என்னவென்று இன்றைக்குத்தான் கேட்கிறாள். சொன்னேன். எக்ஸ்ரே எடுப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் உண்டு. அவர்கள் மேல் படுகிற கதிர் அதில் பதியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பதிவுத் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அளந்து முடிவு அனுப்புவார்கள், நான் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன்.

"ஒண்ணும் தொலைஞ்சு போவாதா?" என்றாள்.

தொலையாது. எல்லாம் என் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு எல்லாமே அரைகுறையாகத்தான் புரியும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. பதிவறையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. 2010 முடிந்தது. பூஜ்யம்.

நவம்பர் 12, புதன்

ஞானசுந்தரி வந்திருந்தாள். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன், எங்களுக்கு ஞானம். 2006-ல் சேர்ந்தவள், ஆகஸ்டிலிருந்து மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். ரத்தத்தில் புற்றுநோய். தலையில் துணி கட்டியிருந்தாள். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என் நாற்காலியைக் கொடுத்தேன்.

"மெடிக்கல் போர்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. வேலையால வந்த சீக்கா இல்லையான்னு அவங்க முடிவு சொல்லணுமாம். வேலையாலன்னு சொன்னா வைத்தியம் முடியுற மட்டும் லீவு, சம்பளம் எல்லாம் உண்டு. இல்லன்னா பிப்ரவரியோட வீட்டுக்குப் போன்னுருவாங்க. உடம்புல எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு கணக்கு கேக்காங்க. உங்ககிட்டதான இருக்கு?"

"புது விதிப்படி அதத்தான் ஏத்திக்கிட்டு இருக்கேன் தங்கச்சி. முடிச்சதும் உனக்குத்தான் மொதல்ல."

"அதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

ஏற்றி முடிக்கவில்லையே, முடித்தால்தான் தெரியும் என்றேன். அவள் சரி என்று எழுந்தாள். போகும்போது அலமாரியைப் பார்த்தாள். அதன் சாவி என் பூணூலில்தான் தொங்குகிறது என்று இவள்தான் முன்பெல்லாம் கேலி செய்வாள். நான் பூணூல் போடுகிற ஆள் இல்லை, சாவியை அரைஞாண் கயிற்றில்தான் முடிந்திருப்பேன். இன்று கேலி செய்யவில்லை.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஊசி போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

நவம்பர் 17, திங்கள்

புது விதிகளைச் சொல்லிக்கொடுக்க மண்டல அலுவலகத்திலிருந்து இஸ்மாயில் என்று ஒருவர் வந்தார். எங்கள் கதிரியல் மருத்துவர் ஹெலன் பியூலாதான் பிரிவின் பாதுகாப்பு அதிகாரி. அவர் அறையிலேயே வகுப்பு நடந்தது. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இஸ்மாயில் கன்ட்ரோல் பேட்ஜைக் கையில் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதாமல் ஒரு பேட்ஜ் வரும், அதுதான் இது. இதை யாரும் அணியக் கூடாது, எக்ஸ்ரே அறையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சும்மா இருந்தாலே காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கொஞ்சம் கதிர் படுமல்லவா, அதை இது காட்டும். ஒருவர் அணிந்த பேட்ஜின் அளவிலிருந்து இதன் அளவைக் கழித்தால் மிச்சம் நிற்பது வேலையில் பட்டது.

"எங்க வைக்கீங்க இத?" என்று என்னைக் கேட்டார்.

"அலமாரில சார்."

"ரொம்பச் சரி. மத்ததெல்லாம்?"

டீ வந்தது. நான் போய் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 19, புதன்

ஞானசுந்தரியின் பக்கத்தைக் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. சிவப்பு எழுத்தில் இரண்டு குறிப்பு.

ஒன்று: இவருடைய பேட்ஜும் கன்ட்ரோல் பேட்ஜும் எழுபத்தெட்டு காலாண்டுகளில் ஒரே அளவைக் காட்டுகின்றன, காரணம் தெரிவிக்கவும்.

இரண்டு: 'பணியாளர் பேட்ஜ் அணிந்திருந்தாரா?' என்ற கட்டம் நிரப்பப்படவில்லை.

பழைய ரிஜிஸ்டரில் அப்படி ஒரு கட்டமே இல்லை. தேதி, பெயர், எண், அளவு, குறிப்பு. அவ்வளவுதான் கேட்டார்கள், அவ்வளவும் எழுதினேன். கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் வைத்திருப்பேன்?

நவம்பர் 20, வியாழன்

பாமாயில் கிடைத்தது. ஒழுகும் இடத்தில் வாளி வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமல், "எல்லாத்துக்கும் ஆம்னு போட்டுருங்க பெருமாள். காரணம் கேட்டா, அறை பாதுகாப்பா இருக்குன்னு எழுதுங்க. அதுக்குத்தானே இத்தன பூஜ்யம்" என்றார். வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்கிறேன், இந்த நோட்டில்கூடச் சொல்லாவிட்டால் எப்படி. 2004-ல் ஒரு பேட்ஜ் கோட்டோடு சலவைக்குப் போய் வெந்துவிட்டது. எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலைக்கு வந்து அதுதான் முதல் மெமோ. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் பேட்ஜ் வந்ததும் எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பேன், அவர்கள் போனதும் திருப்பி வாங்கிக்கொள்வேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களுக்கும் தொலைத்துவிடுவோம் என்று பயம்தான். ஆய்வுக்கு வந்த ஒருவர், இந்த மாவட்டத்திலேயே ஒரு பேட்ஜ்கூடத் தொலைக்காத ஒரே ஆஸ்பத்திரி இது என்று என் கையைக் குலுக்கினார்.

அப்படியானால் எழுபத்தெட்டு காலாண்டும் கன்ட்ரோல் பேட்ஜின் பக்கத்திலேயே கிடந்தவைதான் அந்தப் பேட்ஜுகள். ஒரே அளவைத்தான் காட்டும். வேறெதைக் காட்டும்?

நவம்பர் 25, செவ்வாய்

ஞானம் சேர்ந்து எழுபத்தொன்பது காலாண்டு ஆகிறது. அவர்கள் எழுபத்தெட்டு என்கிறார்கள். ஒன்று இடிக்கிறது.

எது என்று எனக்குத் தெரியும். ஃபைல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இன்று எடுக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

எடுத்தேன்.

2011, ஜூலை முதல் செப்டம்பர் வரை. மதுரையில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்த ஞானம், "பேட்ஜ சட்டையில போடணுமாம் அண்ணாச்சி, அலமாரில வச்சா ஒண்ணுத்துக்கும் ஆவாதாம்" என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று மாதமும் போட்டாள். முடிவு வந்தபோது வரம்புக்கு மேல் இருந்தது. ஆய்வகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அப்போதிருந்த கண்காணிப்பாளர், இப்போது உயிரோடு இல்லை, என்னைக் கூப்பிட்டார். இது நிஜம் என்று எழுதினால் எக்ஸ்ரே அறையை மூடச் சொல்வார்கள், தினம் நூறு பேர் வருகிற ஆஸ்பத்திரி நின்றுபோகும், யோசித்து எழுதுங்கள் என்றார். நான் யோசித்தேன். 'மேற்படி பேட்ஜ் பணியாளரின் கவனக்குறைவால் எக்ஸ்ரே அறைக்குள் தொங்கவிடப்பட்டிருந்தது, அவர் உடலில் அணிந்திருக்கவில்லை.' என் கையெழுத்தில், வரி கோணாமல். கீழே ஞானத்தின் ஒப்பம்.

அவள் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள். மேஜையில் வரிசையாக ஐந்தாறு தாள் இருந்தன, சம்பளச் சீட்டு, விடுப்பு மனு என்று. நடுவில் இதை வைத்தேன். "இதுலயுமா?" என்றாள். வழக்கமானதுதான் என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று போட்டுவிட்டுப் போனாள்.

ஆய்வகம் அந்த அளவை நீக்கிவிட்டது. ரிஜிஸ்டரில் பூஜ்யம் எழுதினேன். மறுபடி அவள் பேட்ஜ் கேட்டபோது தொலைத்துவிடுவாய் என்று கொடுக்கவில்லை. அப்புறம் அவள் கேட்கவும் இல்லை.

அறையை யாரும் சோதிக்கவில்லை. பூஜ்யம் வருகிற அறையை எதற்குச் சோதிப்பார்கள்? பதினான்கு வருஷம் அவள் அதே இடத்தில் நின்று வேலை பார்த்தாள். இப்போது அங்கே இன்னொரு டெக்னீஷியன் இசக்கியப்பன் நிற்கிறான்.

டிசம்பர் 1, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 4, வியாழன்

உலகம்மாளிடம் சொன்னேன். பென்ஷனை நிறுத்தி வைப்பார்கள், விசாரணை வைப்பார்கள், மார்ச்சில் மாலை போட்டு அனுப்ப மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"பொறவு எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீங்க?"

ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

நிரப்பிவிட்டேன். ஞானசுந்தரி: எழுபத்தெட்டு 'இல்லை', ஒரு 'ஆம்'. நீக்கிய அளவைத் திரும்பச் சேர்க்கும்படி தனிக் கடிதம். மற்ற நான்கு பேருக்கும் முழுக்க 'இல்லை'. காரணம் என்ற கட்டத்தில்: 'பேட்ஜுகள் பொறுப்பு எழுத்தரால் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பொறுப்பு எழுத்தர்: க. வேலாயுதப்பெருமாள்.'

நூற்றியிருபது எழுத்துக்கு மேல் அந்தக் கட்டம் வாங்கவில்லை. இரண்டு முறை சுருக்கினேன்.

டாக்டரம்மாவின் ஒப்புதல் இல்லாமல் போகாது.

டிசம்பர் 11, வியாழன்

டாக்டரம்மா எல்லாவற்றையும் வாசித்தார். 2011 கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப நான் இங்க இல்ல" என்றார்.

"ஆமா மேடம். நீங்க 2019."

"2019-லேர்ந்து நான்தானே பாதுகாப்பு அதிகாரி. எனக்கும் நோட்டீஸ் வரும்."

"வரும் மேடம்."

என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் எழுந்து என் அறைக்கு வந்து அலமாரியைத் திறக்கச் சொன்னார். பேட்ஜுகள் வரிசையாகத் தொங்கின. தன் பெயர் போட்டதை எடுத்துத் தூசியே இல்லாத அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு உண்டுங்கறதே மறந்துபோச்சு பெருமாள்."

ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து வேண்டும். 'பணியாளர் தம் பதிவை முழுமையாக வாசித்தறிந்து ஒப்பமிட வேண்டும்' என்று புது விதியில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

ஞானத்தின் வீட்டுக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்கா மகள் ஒருத்தி கூட இருக்கிறாள், காப்பி போட உள்ளே போனாள்.

"கொண்டாந்துட்டீங்களா?" என்றாள்.

தாளைக் கொடுத்தேன். முதலில் நான் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். தாள்தான் முந்திக்கொண்டது.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். எழுபத்தெட்டு 'இல்லை'யிலும் விரலை வைத்து வைத்து இறங்கினாள். 2011-ல் விரல் நின்றது. அடுத்து அந்தப் பழைய கடிதத்தின் நகலை எடுத்தாள். அதையும் முழுதாக வாசித்தாள். கடைசியில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இது நான் போட்டதா?"

"ஆமா தங்கச்சி."

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நான் போட்டிருந்தேம்லா அண்ணாச்சி. மூணு மாசமும் சட்டைலதான் கெடந்துச்சு. சாயங்காலம் கழட்டி உங்க கையிலதான தந்துட்டுப் போவேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அப்பவே ரூம பாத்திருந்தா?" என்றாள்.

சாத்துக்குடிப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

காப்பி வந்தது, ஆறியது. பேனா கேட்டாள். தாளுக்கு அடியில் தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக, முழுப் பெயரும் எழுதினாள்.

"இசக்கியப்பன் அங்கனதான நிக்கான்? நாளைக்கே அவன அந்த எடத்த விட்டு மாத்துங்க."

"இன்னைக்கே சொல்லிட்டேன் ஞானம். அந்த அறைய பூட்டியாச்சு."

தலையை ஆட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "கையெழுத்து வாங்கியாச்சுல்லா அண்ணாச்சி. இனி இங்க வராதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. பத்தொன்பது வருஷமாக என்னிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள்.

சாத்துக்குடிப் பையை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். காலை 11.40.

டிசம்பர் 19, வெள்ளி

இஸ்மாயில் இரண்டு ஆட்களோடும் மீட்டரோடும் வந்தார். எக்ஸ்ரே எடுக்கிறவர் நிற்கிற தடுப்புக்குப் பின்னால் மீட்டரை வைத்துவிட்டு மிஷினை ஓட்டினார்கள். முள் எகிறியது. தடுப்புப் பலகையைப் பிரித்தால், கதிரைத் தடுக்க உள்ளே வைத்திருந்த ஈயத் தகடு ஆணி கழன்று கீழே இறங்கி மடிந்து கிடக்கிறது. இடுப்புக்குக் கீழேதான் ஈயம். மேலே வெறும் பலகை. எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார். என்னால் சொல்ல முடியும், குறைந்தது பதினான்கு.

இசக்கியப்பன் பலகைக்கு முன்னால் நின்று தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்து உயரம் பார்த்தான்.

டிசம்பர் 29, திங்கள்

அறையைத் திறந்துவிட்டார்கள். புதுத் தகடு. மூடியிருந்தது மொத்தம் இரண்டு வாரம். அதுவரை நோயாளிகளை எதிர்க் கட்டடத்தில் இருக்கும் சின்ன மிஷினுக்கு அனுப்பினோம், கொஞ்சம் கூட்டம், கொஞ்சம் முணுமுணுப்பு. ஆஸ்பத்திரி நிற்கவில்லை.

எனக்கு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவுக்கும் வந்திருக்கிறது. காலையில் எதிரே பார்த்தபோது வணக்கம் என்றேன், அவரும் வணக்கம் என்றார்.

ஜனவரி 2, வெள்ளி

போர்டு முடிவு வந்துவிட்டதாம், இசக்கியப்பன் சொன்னான். வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலாண்டு அளவும் மீட்டர் அறிக்கையும் போதுமானதாக இருந்ததாம். ஞானத்தைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறார்கள். அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தியும் இல்லை. இருக்காது.

ஜனவரி 5, திங்கள்

புதுக் காலாண்டுக்கான பெட்டி வந்தது. ஆறு பேட்ஜ். டாக்டரம்மா முதலில் வந்து தன்னுடையதை எடுத்துக் கோட்டில் குத்திக்கொண்டார். இசக்கியப்பன் வந்தான், மற்ற இருவரும் வந்தார்கள். இனிமேல் தினமும் காலையில் வாங்கியதற்கும் சாயங்காலம் கொடுத்ததற்கும் கையெழுத்து. தொலைந்தால் தொலைந்தது என்று எழுதுவேன்.

பெட்டியில் இரண்டு மிச்சம் இருந்தன. ஒன்று பெயர் இல்லாத கன்ட்ரோல் பேட்ஜ். இன்னொன்றில் ஞானசுந்தரி என்று அச்சடித்திருந்தது. ஆய்வகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தைத் திறந்தேன். அணிந்திருந்தாரா என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும், காரணத்தில் 'சிகிச்சையில் இருக்கிறார்' என்றும் எழுதினேன்.

இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பூட்டினேன். ஏப்ரலில் முடிவு வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் வரும். அது ஒன்றாவது உண்மையான பூஜ்யமாக இருக்கும்.